கிஸ்திப் பணம் லண்டன் போன வழி

"வெள்ளைக்காரன் நம்மிடம் வசூலித்த வரிப்பணத்தை எல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்கிறார்கள். அப்படியானால் ரயிலும் அணையும் சர்க்கார் கச்சேரிக் கட்டடங்களும் எந்தப் பணத்தில் எழுந்தன? அந்த அரசாங்கத்தின் வரவு செலவு உண்மையில் எப்படித்தான் இருந்தது?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஒரு வரியில் முடிகிற விஷயமில்லை. பல வருடமாக இந்தக் கணக்குகளைப் படித்து வருகிறவன் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பணத்தை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள் என்ற சித்திரம் பெரும்பாலும் சரியில்லை. போன பணத்தில் பெரும்பங்கு கணக்கில் எழுதப்பட்டே போனது. எந்தத் தலைப்பில் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று ஆண்டுதோறும் அச்சிட்டு லண்டன் பார்லிமெண்டில் வைத்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். ஆகவே யார் திருடினார்கள் என்று தேடுவதைவிட, எந்தச் செலவு யார் தலையில் எழுதப்பட்டது, அதை முடிவு செய்தது யார் என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

தொடக்கம் 1765. முகலாயப் பேரரசர் ஷா ஆலம், வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பேரரசருக்கு வருடம் 26 லட்சம் ரூபாய். மீதி கம்பெனியின் கையில். அதுவரை இங்கே துணி வாங்க வேண்டுமென்றால் கம்பெனி ஐரோப்பாவிலிருந்து வெள்ளி கொண்டுவர வேண்டியிருந்தது. திவானி வந்தபின் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிட்டது. வங்காளத்து விவசாயி கட்டிய வரியிலிருந்தே துணியும் பட்டும் வாங்கி லண்டனில் விற்றார்கள். நெசவாளிக்குக் கிடைத்த கூலி, பக்கத்து ஊர்க்காரன் கட்டிய வரி. சரக்கு மட்டும் கடல் தாண்டியது. பின்னால் வந்த ஏற்பாடுகள் சிக்கலானவை என்றாலும் அடிப்படை இதுதான்.

1833-இல் கம்பெனியின் வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். வியாபாரம் போனபின் பங்குதாரர்களுக்கு லாபம் எங்கிருந்து வரும்? 60 லட்சம் பவுண்டு பங்கு முதலுக்கு வருடம் பத்தரை சதவீதம் ஈவு, இந்திய வரிப்பணத்திலிருந்தே தர வேண்டும் என்று அதே சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். 1874-இல் கம்பெனியைக் கலைத்தபோது 100 பவுண்டு பங்குக்கு 200 பவுண்டு வீதம் கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தச் சுமையும் இந்தியாவின் கணக்கில்தான். இந்தியாவைப் பிடித்த கம்பெனிக்கு இந்தியாவே விலை கொடுத்து அதைப் பிரிட்டிஷ் அரசிடம் ஒப்படைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி நிலவரி. வங்காளத்தில் 1793-இல் வரித்தொகையை ஜமீன்தார்களோடு நிரந்தரமாகப் பேசி முடித்துவிட்டார்கள். நம் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் வழி வேறு. 1792-இல் திப்புவிடமிருந்து வாங்கிய பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஒவ்வொரு விவசாயியோடும் தனித்தனியாக வரி பேசும் ரயத்துவாரி முறையை உருவாக்கினார்கள். மன்றோ பின்னால் சென்னை கவர்னராக வந்து அதை மாகாணம் முழுக்கப் பரப்பினார். பட்டா, தீர்வை (நிலத்துக்கு விதித்த வரி), கிஸ்தி (வரித் தவணை), வஜா (வரித் தள்ளுபடி), ஜமாபந்தி (ஆண்டு வரிக் கணக்குத் தணிக்கை) என்று நாம் இன்றும் புழங்கும் சொற்களுக்குப் பின்னால் இந்த ஏற்பாடு நிற்கிறது. ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கை வருவாய்த் துறை இன்னும் விடவில்லை.

ஜமீன்தாரின் பிடி இல்லாதது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தீர்வை விளைச்சலில் பங்கு கிடையாது. நிலத்தின் மேல் ரொக்கமாகப் போட்ட தொகை. மழை பொய்த்தாலும் நெல் விலை சரிந்தாலும் கிஸ்தி தேதி நகராது. வஜா கேட்கலாம், கொடுப்பதும் கொடுக்காததும் மேலே இருப்பவர்கள் இஷ்டம். முந்தைய ராஜாக்கள் காலத்திலும் வரி கடுமைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கட்ட முடியாத பாக்கி பாக்கியாகவே கிடந்து கரைந்துபோவது அப்போது சாதாரணம். கம்பெனியின் கணக்குப் புத்தகம் எதையும் மறக்காது.

அந்தப் புத்தகத்தை நிரப்ப என்ன செய்தார்கள் என்பதற்கு அரசாங்கமே ஒரு சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறது. 1850-களின் தொடக்கத்தில் காஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை மக்கள் சங்கம், வரி வசூலுக்காகச் சித்திரவதை நடக்கிறது என்று பார்லிமெண்டுக்கு மனுப் போட்டது. கூச்சல் எழுந்தபின் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். 1855-இல் அறிக்கை வந்தது. கிட்டி போட்டு விரல்களை நெரிப்பது, அண்ணாந்தாள் என்று உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது, எல்லாம் அதில் பெயரோடு இருக்கின்றன. செய்தது கீழ்நிலை இந்திய ஊழியர்கள், வெள்ளை அதிகாரிகளுக்குப் பொறுப்பில்லை என்று குழு முடித்துக்கொண்டது. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. கிட்டி போட்டவன் தாலுகா சேவகன்தான்; ஆனால் இன்ன தேதிக்குள் இவ்வளவு வந்தாக வேண்டும் என்ற நெருக்கடி கலெக்டருக்கும் மேலே இருந்து இறங்கியது. அதே காலத்தில் தீர்வை விகிதங்களைக் குறைத்தார்கள், சாகுபடிப் பரப்பு கூடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரியைக் குறைத்தால் வசூல் கெடாது என்பதை அவர்கள் கணக்கே காட்டியது.

நிலவரிக்கு அடுத்தபடி அபினி, உப்பு, சாராயம். அபினியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பாட்னா, காசிப் பக்கம் விளைந்த கசகசாச் செடியின் பாலை அரசாங்கமே ஏகபோகமாக வாங்கிப் பதப்படுத்தி, கல்கத்தாவில் ஏலம் விட்டு, சீனாவுக்குப் போக வைத்தது. 1880-களின் தொடக்கத்தில் மொத்த வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு வரை இது. சீனக் குடும்பங்கள் அழிந்த காசில் கல்கத்தாவில் இருந்த அரசின் பட்ஜெட் சமன் செய்யப்பட்டது. 1907-இல் சீனாவோடு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் இந்த வியாபாரம் மெல்ல நின்றது.

உப்பு ஏகபோகம் சென்னை மாகாணத்தில் 1805-இல் தொடங்கியது. 1888-இல் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய் வரி. ஜமீன்தாரும் கூலிக்காரரும் சாப்பிடும் உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான்; ஆகவே ஏழை குடும்பத்துக்குத்தான் அடி. 1907-இல் ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். 1923-இல் மறுபடியும் இரண்டரை ரூபாய். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

கள்ளு, சாராய வருமானத்தை அப்காரி என்பார்கள். 20-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம் இதுதான். 1919 சீர்திருத்தத்துக்குப் பிறகு கல்வி, சுகாதாரம் எல்லாம் மாகாண மந்திரிகளிடம் வந்தன. அவர்கள் பொறுப்புக்கு வந்த பெரிய வருமானம் கள்ளுக்கடை. நிலவரி கவர்னர் பக்கமே நின்றது. பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமானால் ஊர் குடிக்க வேண்டும் என்ற கொடுமையான நிலை. 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தபோது முதலில் எழுந்த கேள்வி, இழப்பை எப்படி ஈடுகட்டுவது என்பதே. 1939-இல் விற்பனை வரி பிறந்ததற்கு அது முக்கியக் காரணம்.

பணக்காரர்கள்? அவர்கள் மேல் நேரடி வரி போட அரசாங்கம் தயங்கிக்கொண்டே இருந்தது. 1857 எழுச்சியை அடக்கிய செலவு முழுவதும் இந்தியாவின் கடனாகவே எழுதப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்க லண்டனிலிருந்து வந்த ஜேம்ஸ் வில்சன் 1860-இல் முதல் பட்ஜெட்டையும் முதல் வருமான வரியையும் கொண்டுவந்தார். வருடம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் வரி. அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் சார்லஸ் டிரெவெல்யன். புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்று அவர் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். பதவி போனது. வில்சன் அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் நோய்வாய்ப்பட்டு இறந்தார். வருமான வரி 1865-இல் நின்று, திரும்ப வந்து, மறுபடி நின்று, 1886-இல்தான் நிலைத்தது. அப்போதும் விவசாய வருமானத்துக்கு விலக்கு. அந்த விலக்கில் பெரிய ஜமீன்தார்களும் அடக்கம்.

இனி செலவுப் பக்கம். ராணுவத்துக்கே மூன்றில் ஒரு பங்கு வரை போனது. அந்த ராணுவம் இந்தியாவைக் காக்க மட்டும் நிற்கவில்லை. 1867-இல் அபிசீனியாவுக்கு இந்தியப் படை போனபோது, அதன் வழக்கமான சம்பளத்தை இந்தியாவே தொடர்ந்து கொடுத்தது. அதே ஆண்டு துருக்கி சுல்தான் லண்டன் வந்தபோது, அங்கிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா ஆபீஸில் நடந்த நடன விருந்தின் செலவும் நம் கணக்கில். தொகையாகப் பார்த்தால் சிறியது. ஆனால் நம் மக்கள் அதை மறக்கவே இல்லை. 1897-இல் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயர், கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோர் லண்டனுக்குப் போய், இந்தியாவின் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் சாட்சி சொன்னது, இந்தச் செலவுகள் யாருடையவை என்று கேட்கத்தான். தாதாபாய் நவ்ரோஜி அந்தக் கமிஷனிலேயே உறுப்பினர்.

ராணுவத்தை அடுத்து 'ஹோம் சார்ஜஸ்'. ஹோம் என்றால் அவர்களுக்கு இங்கிலாந்து. லண்டனில் வாங்கிய கடனுக்கு வட்டி, ரயில் கம்பெனிகளுக்கு உத்தரவாத வட்டி, ஓய்வுபெற்ற அதிகாரிகளின் பென்ஷன், அரசாங்கத்துக்கு வாங்கிய சாமான்கள், லண்டனில் இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் மந்திரியான 'இந்தியா மந்திரி'யின் அலுவலகச் செலவு, எல்லாம் இதில் சேரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருடம் ஒரு கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு மேல்.

இங்கே வரி வசூலானது ரூபாயில். அங்கே கொடுக்க வேண்டியது பவுண்டில். எப்படிப் போனது? நண்பரின் கேள்விக்கு உண்மையான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நகரத்தார் பாஷையில் சொன்னால், உண்டியல்; அதாவது ஓரிடத்தில் கட்டிய பணத்தை வேறிடத்தில் வாங்கிக்கொள்ளும் சீட்டு. இந்தியாவிலிருந்து பருத்தியோ கோதுமையோ நிலக்கடலையோ வாங்க நினைக்கும் லண்டன் வியாபாரிக்கு ரூபாய் வேண்டும். இந்தியா மந்திரிக்குப் பவுண்டு வேண்டும். வாரந்தோறும் புதன்கிழமை பாங்க் ஆப் இங்கிலாந்தில் 'கவுன்சில் பில்' என்ற உண்டியலை ஏலம் விடுவார்கள். வியாபாரி பவுண்டு கட்டி அதை வாங்கி இங்கே தன் ஆளுக்கு அனுப்புவார். கல்கத்தா, பம்பாய், சென்னை கஜானாக்களில் அதைக் காட்டினால் ரூபாய் கிடைக்கும். அந்த ரூபாய் விவசாயி கட்டிய கிஸ்தி, உப்பு வரி, கள்ளு வரி. அதைக் கொண்டுபோய் அதே விவசாயியிடம் சரக்கு வாங்குவார்கள்.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். விவசாயி நிலக்கடலை விற்றார், காசு வாங்கினார். அவரை யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் நாடு முழுதாகப் பார்த்தால், கப்பலேறிய அந்தச் சரக்குக்கு வெளியிலிருந்து வந்த விலை எதுவும் இல்லை. அதன் பவுண்டு லண்டனிலேயே பென்ஷனாகவும் வட்டியாகவும் முடிந்துவிட்டது. கப்பலில் ஏறியது பணமில்லை, சரக்கு. இறக்குமதியைவிட ஏற்றுமதி கூடுதலாக இருந்த நாடு கையில் காசு சேராமல் இருந்ததற்கு இது பெரிய காரணம்.

இதில் இன்னொரு அடியும் விழுந்தது. 1870-களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய் கிட்டத்தட்ட 2 ஷில்லிங் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). உலகத்தில் வெள்ளி விலை சரியச் சரிய ரூபாயும் சரிந்தது. 1893-இல் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயச் சாலைகளில் ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தி, நூற்றாண்டின் இறுதியில் 1 ஷில்லிங் 4 பென்ஸில் நிறுத்தினார்கள். இதன் அர்த்தம் என்ன? ஒரு கோடியே 70 லட்சம் பவுண்டு அனுப்ப, பழைய மாற்று விகிதத்தில் 17 கோடி ரூபாய் போதும். புதிய விகிதத்தில் இருபத்தைந்தரைக் கோடி வேண்டும். கடன் கூடாமலே சுமை பாதிக்குப் பாதி கூடிவிட்டது. உப்பு வரியை 1888-இல் ஏற்றியதற்குப் பின்னால் இந்த நெருக்கடியும் இருக்கிறது.

ரயிலுக்கு வருவோம். பணம் இங்கிலாந்து முதலீட்டாளர்களுடையது. ஆனால் 5 சதவீத லாபத்துக்கு இந்திய வருமானம் உத்தரவாதம். ரயில் ஓடி அவ்வளவு சம்பாதிக்காவிட்டால் குறையை வரிப்பணத்திலிருந்து நிரப்ப வேண்டும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய நம் முதல் ரயிலும் இந்த ஏற்பாட்டில் வந்ததுதான். லாபம் உறுதி என்றானபின் சிக்கனமாகக் கட்ட யாருக்கு அக்கறை? நிதி உறுப்பினராக இருந்த மாஸியே, அந்தப் பணத்தை ஹூக்ளி ஆற்றில் கொட்டினாலும் முதலாளிக்குக் கவலையில்லை என்ற பொருளில் பின்னால் சாட்சி சொன்னார். 1900 வாக்கில்தான் ரயில்கள் மொத்தத்தில் லாபம் காட்டத் தொடங்கின. ரயிலால் நாட்டுக்குப் பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் அப்போதே சொன்னார், நீர்ப்பாசனத்துக்குப் போடும் பணம் பஞ்சத்தையும் தடுக்கும், வருமானத்தையும் கூட்டும் என்று. கொள்ளிடத்தில் மேலணை, கோதாவரியில் தவளேஸ்வரம் என்று கட்டிக் காட்டியும், பாசனத்துக்கு ஒதுக்கிய பணம் ரயிலுக்குப் போனதோடு ஒப்பிடும்படி இல்லை. ஆக, அணையானாலும் ரயிலானாலும் கட்டியது நம் வரியும் நம் தலைமேல் வாங்கிய கடனும்தான்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்குவது 1876-78 தாது வருஷப் பஞ்சம். தென்னிந்தியாவில் லட்சம் லட்சமாகச் செத்தார்கள். கல்கத்தாவிலிருந்து சிக்கனம் பார்க்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான, தானியத்துக்கு ஆகும் காசும் ஓர் அணாவும் போதும் என்று கூலியை நிர்ணயித்தார். சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ், இதைத் தின்று மண் வெட்டினால் ஆள் சாவான் என்று போராடினார். சில மாதங்களில் கூலியைச் சற்று உயர்த்தினார்கள். சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டப்பட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு பவுண்டு கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இனி பஞ்சம் வந்தால் சமாளிக்க வருடம் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவோம் என்று வைஸ்ராய் லிட்டன் அரசு வாக்குக் கொடுத்து, அதற்காகத் தொழில் செய்பவர்கள் மேல் லைசென்ஸ் வரி போட்டது. வரி வந்தது. ஆனால் ஆப்கன் போர் வந்ததும் ஒதுக்கீடு நின்றது. 1879-இல் தன் கவுன்சிலில் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றும் கேட்காமல், இங்கிலாந்தின் லங்காஷயர், மான்செஸ்டர் மில்களின் துணிமேல் இருந்த சுங்க வரியை லிட்டன் குறைத்தார். பஞ்சத்துக்கென்று வசூலித்த கையோடு வருமானத்தை மான்செஸ்டருக்காக விட்டுக்கொடுத்த அரசு இது. 1894-இல் பணமுடையில் சுங்கம் திரும்ப வந்தபோது, இந்திய மில் நூல் மேலும் ஈடாக ஒரு கலால் வரி போட்டார்கள்.

யார் முடிவு செய்தது என்று தொடக்கத்தில் கேட்டேன். 1892 வரை இங்குள்ள சட்டசபைக்காரர்களுக்குப் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவே உரிமையில்லை எனலாம். அதன்பின் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. 1919-க்குப் பிறகு சில தலைப்புகளில் ஓட்டு உண்டு; ராணுவமும் கடன் வட்டியும் அதற்கு வெளியே. 1923-இல் உப்பு வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்தும் யோசனையைச் சட்டசபை நிராகரித்தது. வைஸ்ராய் ரெடிங் தன் தனி அதிகாரத்தில் கையெழுத்துப் போட்டு அதைச் சட்டமாக்கினார். மறு வருடமே ஒன்றேகால் ரூபாய்க்கு இறக்க வேண்டி வந்தது என்றாலும், 1930-இல் வேதாரண்யத்தில் ஒரு பிடி உப்புக்கு ஏன் அவ்வளவு பேர் அடிபட்டார்கள் என்பது இதைத் தெரிந்தால் புரியும்.

சென்னைக்குத் தனியாக ஒரு குறையும் உண்டு. 1919 சீர்திருத்தத்தில் மத்திய அரசின் பற்றாக்குறையை மாகாணங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று மெஸ்டன் குழு பங்கு பிரித்தது. மொத்தம் 983 லட்சம் ரூபாயில் சென்னையின் பங்கு 348 லட்சம். வங்காளத்துக்கு 63, பம்பாய்க்கு 56. நிலவரியை அதிகமாகக் கட்டிவந்த மாகாணம் என்பதாலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சென்னை தலையில் விழுந்தது. நிதிக் குழுப் பங்கீடு பற்றி இன்று கேட்கும் வாதங்கள் அப்போதே சென்னைச் சட்டசபையில் ஒலித்தன.

45 டிரில்லியன் டாலர் கொள்ளை என்று இணையத்தில் சுற்றும் எண்ணையும் நண்பர் கேட்டிருந்தார். 1765 முதல் 1938 வரையிலான தொகைகளுக்கு 5 சதவீதக் கூட்டு வட்டி போட்டு நம் காலம் வரை கொண்டுவந்த கணக்கு அது. வட்டி விகிதத்தைக் கொஞ்சம் மாற்றினால் எண் தலைகீழாகிவிடும். என் வாதத்துக்கு அந்த எண் தேவையில்லை. புதன்கிழமை ஏலமும் டெம்பிள் கூலியும் எனக்குப் போதும்.

கடைசியில் ஒரு திருப்பம் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இங்கே வாங்கிய சரக்குக்கும் படைச் செலவுக்கும் உடனே பணம் தரவில்லை; லண்டனில் இந்தியா பெயரில் பவுண்டு வரவு வைத்தது. அந்த வரவைக் காட்டி இங்கே நோட்டு அடித்தார்கள். போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் பெருகியது, விலைவாசி ஏறியது, 1943-இல் வங்காளத்தில் பல லட்சம் ஏழைகள் அரிசி வாங்க முடியாமல் செத்தார்கள். கடன்பட்ட இந்தியா கடன் கொடுத்த நாடாக மாறியது இந்த விலையில்தான். 1948-இல் இரு அரசுகளும் உட்கார்ந்து அந்தப் பாக்கியைப் பேசியபோது, பிரிட்டன் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுண்டு அதில் கழிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு இனி வரப்போகும் பென்ஷனுக்காக இன்னொரு 16 கோடியே 80 லட்சம் பவுண்டு.